என் இலையை எடுத்தது யார்

நானும் என் தோழியும் தென்காசியில் இருந்துகொண்டே, தோப்பு மோட்டாரைத் தானாகப் போட்டு அணைக்கும் கருவிக்கு நிரல் எழுதினோம். முதல் கருவியை அச்சன்புதூரில் ஒரு அண்ணாச்சியின் தென்னந்தோப்பில் மாட்டியிருந்தோம். ஆடிக் காற்றில் சிக்னல் போனால் போதும், கருவியும் படுத்துவிடும். மெஷினுக்குச் சளி பிடித்துவிட்டதா என்று முதலில் சிரித்தவர், பிறகு சிரிக்கவில்லை. இன்னொரு தடவை நின்றால் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். அவர் வேண்டாமென்றால் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் எங்களை உள்ளே விடமாட்டார்கள்.

மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்று செய்தி தயாரிப்பது என் பகுதி, அதை அண்ணாச்சியின் போனுக்கு அனுப்புவது தோழியின் பகுதி. நாங்கள் எழுதியது சி மொழியில். அதில் நினைவகத்தில் இடத்தை நாமே கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் நாமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் நான் கறார். தோழி என்னைவிடச் சுத்தக்காரி. காலி டம்ளர் மேசையில் இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. ஆகவே தப்பு எங்களுடையதாக இருக்காது என்று சிக்னலைத் திட்டித் தீர்த்தேன்.

வெறுத்துப்போய் ஒருநாள் ஐந்தருவியில் குளித்துவிட்டு, பசியோடு ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். சாப்பிட்ட இலையை அவரவரே எடுத்துப் போட வேண்டிய கடை. இன்னொரு பரோட்டா சொல்லிவிட்டு, போன் பேச வாசலுக்குப் போனேன். நான் திரும்பும்போது, சால்னா வாளிக்காரர் யாருடனோ பேசியபடியே என் இடத்தில் கரண்டியைக் கவிழ்த்தார். அங்கே இலை இல்லை. சால்னா மேசையெல்லாம் ஓடியது.

“ஏட்டி, என் இலைய எதுக்கு எடுத்த?”

“முடிச்சிட்டேன்னு நெனச்சேன். எப்பவும் நாந்தான உனக்கும் சேத்து எடுத்துப் போடுதேன்.”

எனக்குச் சுரீரென்றது. அனுப்ப முடியாமல் போகும் செய்தியின் இடத்தையும் அவள்தான் திருப்பிக் கொடுக்கிறாளா என்று கேட்டேன்.

“ஆமா. நீ மறந்துருவல்லா.”

நான் மறக்கவில்லை. நானும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். சிக்னல் போகும்போதெல்லாம் ஒரே இடத்தை இருவரும் திருப்பிக் கொடுக்க, கருவி மண்டை குழம்பி நின்றிருக்கிறது. நான் சிரித்த சிரிப்பில் சால்னாக்காரர் மிரண்டுபோனார்.

சாயங்காலமே முடிவு செய்தோம்: செய்தி அவள் பகுதிக்குப் போய்விட்டால் அந்த இடமும் அவள் பொறுப்பு. நான் ஒரு வரியை அழித்தேன், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பேய்க்காற்று. சிக்னல் நாள் முழுக்கப் போய்ப் போய் வந்தது. மறுநாள் அண்ணாச்சி கூப்பிட்டபோது எடுக்கவே பயமாக இருந்தது.

“மெஷின் நிக்கவேயில்ல தாயி. இங்கன கெணத்தடியில இன்னொரு மோட்டார் கெடக்கு, அதுக்கும் ஒண்ணு மாட்டிருங்க.”

சந்தோஷத்தில் அதே கடைக்குப் போனோம். தோழி தன் இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்து, என் இலையைப் பார்த்துக்கொண்டு கை பரபரக்க உட்கார்ந்திருந்தாள். நான் வேண்டுமென்றே இன்னொரு பரோட்டா சொன்னேன்.