எழுபதில் ஒரே ஒரு வெற்றி

எழுபது வயது நிறைகிற ஆண்டில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம்மிடம் நடைமுறை இருக்கிறது. பீமரத சாந்தி. கலசம் வைத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, கட்டிய மனைவிக்கே இன்னொரு முறை தாலி கட்டி, வந்தவர்களை இலை போட்டு உட்கார வைக்க வேண்டும். அறுபதில் எனக்கு இப்படி ஒன்று நடந்தது. அந்த வீடியோவை இந்தப் பத்தாண்டுகளில் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. எனவே எழுபதில் வேறொன்றைச் செய்வதென்று முடிவெடுத்தேன். பெத்தாங்க் போட்டியில் ஒரே ஒரு ஆட்டமாவது ஜெயிப்பது.

"குண்டு உருட்டுறதுக்கு லட்சியம்னு பேரு வெச்சிருக்கீங்க" என்றாள் மனைவி. விளக்கம் கேட்கப்படாததால் நான் விளக்கம் அளிக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் விட்டுப்போனவற்றில் கட்டடங்களைச் சுற்றுலாப் பயணிகள் எடுத்துக்கொண்டார்கள். இந்த விளையாட்டு எங்களுக்கு மிஞ்சியது. மண் தரையில் ஒரு சின்ன மரக்குண்டை எறிந்து வைப்பார்கள். தரையில் போட்ட வட்டத்துக்குள் நின்று, இரும்புக் குண்டுகளை அதற்கு அருகே சேர்க்க வேண்டும், அல்லது அங்கே இருக்கிற எதிராளியின் குண்டை அடித்துத் தள்ள வேண்டும். ஜோடியாக ஆடினால் ஆளுக்கு மூன்று குண்டு. மரக்குண்டுக்கு நெருக்கமாக நிற்கிற குண்டுக்குப் புள்ளி, முதலில் பதிமூன்று புள்ளி எடுத்தவர் ஜெயித்தவர். சேர்ப்பவன் நான். அடிப்பவன் என் நண்பன்.

முத்தியால்பேட்டையில் எதிரெதிர் வீடு. ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். பிரெஞ்சு ஆட்சி போனபோது எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டார்கள். அவன் அப்பா பிரான்ஸ் என்றார், என் அப்பா எதுவும் சொல்லவில்லை. அதனால் அவன் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போய் ஓய்வூதியத்தோடு திரும்பினான். நான் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து, விதிகளுக்கு விளக்கம் எழுதி, அதே தெருவில் ஓய்வு பெற்றேன். நான் உயிரோடிருக்கிறேன் என்று இந்தியாவுக்கும், அவன் உயிரோடிருக்கிறான் என்று பிரான்சுக்கும் ஆண்டுதோறும் நிரூபித்து வந்தோம். மாலைகளில் குண்டு வீசினோம். போட்டிகளில் பெயர் கொடுப்போம், முதல் சுற்றிலேயே தோற்று, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவோம். அது எங்களுக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை.

ஆண்டின் தொடக்கத்தில் அவன் வலது கை நடுங்க ஆரம்பித்தது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் எந்த வாசலில் சீட்டு, எந்த வரிசையில் டாக்டர் என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதால் நானே அழைத்துப் போனேன். டாக்டர் அவனை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், நோயின் பெயரைச் சொன்னார். மாத்திரையால் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம் என்றார். கொஞ்ச காலம் என்பதற்கு வரையறை கேட்டேன். அவர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அவன் சொன்னான்: "இன்னாடா, உன் எழுபது வயசு ஆட்டம் ஒண்ணு பாக்கி இருக்குல்ல? அத இப்பவே முடிச்சுடணும்."

"அவசரம் இல்லடா."

"உனக்கு இல்ல."

அதுவரை என் பொழுதுபோக்காக இருந்தது அந்த பஸ் நிறுத்தத்தில் அவனுடையதாகிவிட்டது. கை போவதற்குள் ஒரு ஆட்டம். ஒருவரும் விட்டுக்கொடுக்காமல் ஜெயித்த ஆட்டம்.

அந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. குண்டை வீசுகிற கணத்தில் கை நடுங்காது. வீசுவதற்காகக் காத்திருக்கும்போதுதான் நடுங்கும். அதாவது அவன் ஆட்டம் கெடவில்லை. பார்ப்பவர்கள் கண்ணுக்குத்தான் கெட்டிருந்தது. கையைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நிற்பான், பாக்கெட்டே நடுங்கும். எதிராளிகள் வேறு பக்கம் பார்ப்பார்கள். அந்த மரியாதைதான் அவனுக்கு ஆகாது.

மழைக்கு முன் நடந்த ஒரு போட்டியில் எங்களுக்கு ஒரு மாமனாரும் மருமகனும் எதிராக வந்தார்கள். மாமனார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், மருமகன் பைக் ஷோரூம் வைத்திருந்தவர். அன்று என் நண்பன் அடித்த அடியில் இரும்பு கணீரென்று ஒலித்து அவர்கள் குண்டு வேலிவரை போனது. "மாமா, இவரப் பாத்து பரிதாபப்பட்டது தப்பு" என்றார் மருமகன். என் நண்பன் சிரித்தான். அந்த ஆண்டில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. கடைசிக் குண்டையும் வீசி முடித்தபோது மரக்குண்டின் இருபுறமும் ஒன்று எங்களுடையது, ஒன்று அவர்களுடையது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மாமனார் குனிந்து பார்த்தார், பிறகு என் நண்பனின் பாக்கெட்டைப் பார்த்தார்.

"உங்களுதுதான் சார் கிட்ட. அளக்கவே வேணாம். ஜெயிச்சுட்டீங்க."

மருமகன் வாயைத் திறந்தார். மாமனார் அவர் காலை மிதித்தார். மிதித்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

"டேய், டேப்ப எடு" என்றான் நண்பன்.

"அவங்களே ஒத்துக்கிட்டாங்கடா. ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா அளக்கணும்னு விதி இல்ல."

"நான் ஒத்துக்கல. அள."

அளந்தேன். முப்பத்தைந்து வருஷம் என் கையெழுத்து போன எந்தக் கோப்பிலும் இல்லாத ஒரு ஆசை அப்போது எனக்கு வந்தது, டேப்பைச் சற்றே தளர்த்திப் பிடிக்க. பிடிக்கவில்லை. அவன் என் தோளுக்குமேல் குனிந்து நின்றிருந்தான். அவர்கள் குண்டு ஒரு விரல் அகலம் நெருக்கமாக இருந்தது.

"அவங்களுது" என்றேன்.

"வுவாலா" என்றான் அவன், 'அதான் பாத்தியா' என்கிற தொனியில். மாமனாருக்குக் கை கொடுத்தான். ஜெயித்த அந்த இருவரும், ஏதோ துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போலச் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் சொன்னான்: "நல்லா ஆடுனோம்டா."

"ஆடுனோம்."

"அடுத்ததுல எடுத்துடலாம்."

அடுத்த போட்டி டிசம்பரில் வந்தது. அதற்குள் வேறொன்று சேர்ந்திருந்தது. நடந்துகொண்டே இருப்பவன் திடீரென நிற்பான், கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல. தள்ளினால் விழுவான். யாராவது முன்னால் கால் வைத்துக் காட்டினால் நகர்வான். ஆனாலும் மாலைகளில் பயிற்சிக்கு வந்தான். ஜோடிகள் ஒரே மாதிரிச் சட்டை போட வேண்டும் என்று விதி இருப்பதால் நீலச் சட்டை இரண்டு எடுத்தோம். "எழுபது வயசுல யூனிஃபார்ம்" என்றாள் என் மனைவி. கிண்டலாகத் தொடங்கியவள், இரண்டு சட்டையையும் வாங்கித் தானே இஸ்திரி போட்டாள்.

போட்டியன்று நான் முன்னதாகப் போய்ப் பெயர் பதிந்தேன். அவனை அவன் மனைவி ஆட்டோவில் அழைத்து வருவதாக ஏற்பாடு. எங்களைக் கூப்பிடும் நேரத்தில் அவள் போன் செய்தாள்.

"அண்ணே, சட்ட போட்டு ரெடியா உக்காந்தாரு. இப்ப எழுந்துக்க முடியல. மாத்திர குடுத்திருக்கேன். எழுந்துட்டா வந்துடறோம்."

ஒருங்கிணைப்பாளர் வந்தார். "ஜோடி வரலன்னா எதிர் டீம்க்கு குடுத்துடறேன் சார்."

"குடுக்க முடியாது" என்றேன். "ஒருத்தர் இல்லாட்டியும் ஆட்டத்த தொடங்கலாம். அவரோட குண்ட வீசக்கூடாது, அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்குள்ள வந்தா அடுத்த தடவ மரக்குண்ட எறியும்போது சேர்ந்துக்கலாம். விதிய எடுத்துப் பாருங்க."

அவர் எடுத்துப் பார்க்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் எடுத்துப் பார்ப்பதில்லை.

என்னிடம் மூன்று குண்டு, எதிரில் ஆறு. ஜெயிக்க வழியில்லை. அந்த ஒரு மணி நேரத்தை இழுப்பதுதான் என் வேலையாக இருந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் அனுமதிக்கப்பட்ட ஒரு நிமிடத்தை முழுதாக எடுத்துக்கொண்டேன். கண்ணுக்கே தெரிகிற தூரத்தையும் டேப் வைத்து அளந்தேன். வட்டத்தைக் காலால் அழித்துத் திரும்பப் போட்டேன். அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பை எப்படி நிறுத்துவது என்பதில் எனக்குத் தெரிந்த அத்தனையையும் அந்த மண்ணில் செய்தேன்.

"தாத்தா, இன்னா பில்லு போடறியா, ஆடறியா?" என்றான் எதிர் ஜோடிக்காரன் ஒருவன். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். நான் கேட்டுக்கு வெளியே ஏதாவது ஆட்டோ நிற்கிறதா என்று பார்த்தேன். இரண்டு ஆட்டோ வந்தது. இரண்டிலும் வேறு யாரோ இறங்கினார்கள்.

ஒரு மணி நேரம் முடிவதற்குள்ளேயே பதிமூன்றுக்கு இரண்டு என்று தோற்றேன். எவ்வளவுதான் இழுத்தாலும் மூன்று குண்டு மூன்று குண்டுதான். இந்த முறை பிரியாணிக்கு நிற்கவில்லை.

அவன் நீலச் சட்டையோடு முன்னறை நாற்காலியில் இருந்தான். குரல் முன்பே சன்னமாகிவிட்டிருந்தது, அன்று இன்னும் உள்ளே போயிருந்தது. அருகே போய்க் குனிந்தேன்.

"எத்தன?"

"ரெண்டு."

"தனியாவா? ரெண்டா?" மெச்சிக்கொண்டான். பிறகு, "இழுத்திருப்பியே."

"இழுத்தேன்."

"எழுந்துட்டேண்டா. வாசல் வரிக்கும் வந்தேன். ஆட்டோ நின்னுச்சு. கதவு நிலைகிட்ட கால் ஒட்டிக்கிச்சு." அவன் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். "அந்தாண்ட தெரு தெரியுது. தாண்ட முடியல."

அடுத்தது எப்போது என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. என் பிறந்தநாளுக்கு இரண்டு வாரமும் அவனுடையதற்கு மூன்று வாரமும் இருந்தன. அதற்குள் எந்தப் போட்டியும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

சட்டையைக் கழற்ற வேண்டும் என்றான். விரல்கள் முதல் பொத்தானைத் தேடின, பிடித்தன, விட்டன. மறுபடியும் தேடின. பிறகு நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக நானே அவிழ்த்தேன். அவன் கைகளை விலக்கி எனக்கு இடம் விட்டான்.