ஏ.சி. தண்ணீரில் குளித்த கார்

என் கணவரின் அண்ணன் கார் வாங்கினார், அதுவும் கறுப்பு நிறத்தில். சிவகாசிப் பக்கம் கறுப்புக் கார் வாங்குகிறவருக்குப் புழுதியைப் பற்றிக் கவலை இருக்கக்கூடாது, இல்லையென்றால் துடைக்க ஆளாவது இருக்கவேண்டும். அவருக்குக் கவலையும் உண்டு, துடைக்க ஆளும் இல்லை. வாங்கிய சூடு ஆறுவதற்குள், அவர் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி வடக்கே இருக்கும் குடோனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரைக் குடும்பத்தோடு அனுப்பிவிட்டது. தீபாவளி முடிந்து, வசூலும் முடிந்த பிறகுதான் ஊர் திரும்ப முடியும். விருதுநகரில் அவர் வீடு குறுகலான சந்துக்குள் இருந்தது. சிவகாசியில் எங்கள் வாடகை வீட்டில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கார் எங்களிடம் வந்தது அப்படித்தான்.

சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னார்: "ஏலே, உன்னைய நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். சைக்கிள் மாதிரி ஆக்கிப்புடாத."

சைக்கிள் கதையை நான் கல்யாணமாகி வந்த மறுநாளே கேட்டுவிட்டேன். என் கணவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அண்ணனின் சைக்கிளை இரவல் வாங்கி, ஆமத்தூர்க் கண்மாய்க் கரையிலிருந்து அதோடு உருண்டு, வளைந்த சக்கரமும் உடைந்த முழங்கையுமாக வீடு வந்தார். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம் என்று குடும்பம் எங்கே கூடினாலும் பந்தி முடிந்ததும் அந்தச் சைக்கிளை யாராவது உருட்டிக்கொண்டு வருவார்கள். "இவன் கையில எது முழுசாத் தங்குச்சு?" என்று முடிப்பார்கள். என் கணவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அன்று இரவு சரியாகச் சாப்பிடமாட்டார். எனக்கு அந்தச் சைக்கிளை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஆகவே அந்தக் காரை வாங்கியது போலவே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அவருக்கு அது மானப் பிரச்சினை. எனக்கும்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே கோட்டைவிட்டோம். காரைத் தெருவில் நிறுத்தி, உச்சி வெயிலில், போர்வெல் தண்ணீரை ஹோஸில் பிடித்து அடித்தார். கறுப்பு பளபளவென்று மின்னியது. தானாகக் காயட்டும் என்று விட்டுவிட்டுச் சாப்பிட வந்தார். சாப்பிட்டுப் போய்ப் பார்த்தால் கூரை, பானெட், கதவு எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. கோலப்பொடியை அள்ளித் தெளித்தது போல இருந்தது. எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, சில்வர் குடத்தின் அடியில் சுண்ணாம்பு படியும். காரை மட்டும் அது சும்மா விடுமா?

அவர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின்மேன். அச்சகத்துக்காரர்களுக்கு எல்லா அழுக்குக்கும் ஒரே மருந்துதான்: மண்ணெண்ணெய். கையில் மை ஒட்டினாலும் அதுதான், உருளையில் ஒட்டினாலும் அதுதான். நான் தடுப்பதற்குள் துணியை அதில் நனைத்துத் துடைத்துவிட்டார். புள்ளிகள் மறைந்தன. "பாத்தியா?" என்றார். மண்ணெண்ணெய் காய்ந்ததும் ஒவ்வொரு புள்ளியும் இருந்த இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்தது.

அன்று மாலை அவர் காருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சில்வர் குடத்துச் சுண்ணாம்புக்கு நான் என்ன செய்வேன்? புளியைக் கரைத்துத் தேய்ப்பேன். புளியை அப்படியே வைத்துத் தேய்த்தால் நார் கீறிவிடும் என்று, நன்றாகக் கரைத்து, வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டி, தண்ணீராக நீர்க்கவைத்துக்கொண்டேன். முதலில் பின்கதவின் அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டுத் துடைத்தேன். போனது. பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போது அவர் என்னைப் பார்த்தது போல, பெண் பார்க்க வந்த அன்றுகூடப் பார்த்ததில்லை.

ஆனால் புளித்தண்ணீரைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டுமே. தெருக்குழாயில் நல்ல தண்ணீர் என்றைக்கு வரும் என்று குழாய்க்கே தெரியாது. வந்தால் குடத்துக்குக் குடம் சண்டை. அவர் கண் என் தண்ணீர்க் குடங்கள் பக்கம் போனதும் நான் சொல்லிவிட்டேன்: "குடிக்கிற தண்ணியில கையை வச்சீக, காரைக் கட்டிக்கிட்டுத் தெருவுல படுத்துக்கோங்க." அன்றைக்கு மட்டும் ஒரே ஒரு செம்பு கொடுத்தேன். அதுவும் வயிற்றெரிச்சலோடு.

வழி அச்சகத்தின் பின்பக்கமே இருந்தது. ஒரு நாள் மதியச் சாப்பாடு கொடுக்கப் போனேன். காகிதம் சுருங்காமல் இருக்க மெஷின் அறைக்கு ஏ.சி. போட்டிருப்பார்கள். அதன் குழாயிலிருந்து பின்சுவர் ஓரமாகத் தண்ணீர் சொட்டும். அதன் கீழே யாரோ ஒரு கறுப்பு பைக்கை நிறுத்தியிருந்தார்கள். வண்டி முழுக்கப் புழுதி, சொட்டு விழுந்த பெட்ரோல் டேங்கின் நடுப்பகுதி மட்டும் கண்ணாடி. ஓரங்களில் காய்ந்துபோன சொட்டுகளில்கூட வெள்ளைத் தடமே இல்லை. நான் சாப்பாட்டுத் தூக்கோடு அங்கேயே நின்று, டேங்கைத் தடவித் தடவிப் பார்த்தேன். வண்டிக்காரர் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆவி குளிர்ந்து விழுற தண்ணி. உப்பே இருக்காது," என்றார், தாமே கண்டுபிடித்தவர் போல. போகட்டும், கண்டுபிடித்தது யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, குழாயின் கீழே ஒரு கேன் வைத்தார். கோடையில் காற்று காய்ந்து கிடந்ததால் கேன் நிறைய நாளாகும். ஆவணிக்கு மேல் காலண்டர் சீசன் தொடங்கி மெஷின் ஓய்வில்லாமல் ஓட, ஏ.சி.யும் ஓட, சீக்கிரம் நிறையும். கேனைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். தெருவில், "காருக்குத் தீர்த்தம் போகுதுடோய்" என்பார்கள். என் பழைய நூல் சேலைகளைச் சேர்த்துத் தைத்துக் காருக்கு உறை போட்டேன். எதிர்வீட்டு அக்கா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற வழியில் நின்று, "சீலை கட்டி விட்டிருக்கீக, மாப்பிள்ளை பாத்தாச்சா?" என்று கேட்டார்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் வேலை. பானெட் ஆறிவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். மேலிருந்து கீழே தண்ணீர் விடுவார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அச்சகத்துப் பனியன் துணியால் உடனுக்குடன் ஒற்றி எடுப்போம். சொட்டு எதுவும் தானாகக் காயக்கூடாது. பிறகு மதுரையிலிருந்து வாங்கி வந்த மெழுகு பாலிஷைக் கொஞ்சமாகத் தடவி மெருகேற்றுவோம். மெழுகு இருந்தால் தண்ணீர் உருண்டு ஓடிவிடும், தங்காது. அந்த நேரத்தில்தான் நாங்கள் நிறையப் பேசினோம். வீட்டுக்குள் அவர் அதிகம் பேசமாட்டார். காரின் மேலே ஆளுக்கொரு கையை வைத்துக்கொண்டு நின்றால் பேச்சு வந்தது. குனிந்தால் பானெட்டில் இரண்டு முகமும் தெரியும். நான் சந்தோஷமாக இருந்தேன். கார் யாருடையதாக இருந்தால் என்ன?

தீபாவளி போய்க் கார்த்திகையும் பிறந்தபின் ஒரு காலையில் மூத்தவர் வடக்கேயிருந்து வந்து இறங்கினார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். என் கணவர் கொட்டகைத் தூணோடு தூணாக நின்றார். "ம்ம்," என்றார் அண்ணன். அவ்வளவுதான். என் கணவர் கறி வாங்கக் கிளம்பினார். நான் அடுப்படிக்குப் போனேன்.

உலை கொதிக்கும்போது போர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், மூத்தவர் காரை வெயிலுக்குத் தள்ளி, வேட்டியை மடித்துக்கட்டி, ஹோஸைப் பிடித்து ஆசை ஆசையாகக் கழுவிக்கொண்டிருந்தார். "வடக்க இருக்கையில தினமும் இதைத்தான் நினைச்சேன் தாயி," என்றார். கூரை ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்தது. நான் முந்தானையாலேயே துடைக்கப் பார்த்தேன். ஒரு கையும் ஒரு முந்தானையும் எம்மாத்திரம்?

புள்ளிகள் ஒவ்வொன்றாக எழும்பின. அவர் முகம் மாறியது. "என்ன தாயி இது, பெயிண்டு பூத்துப்போச்சா? என்னத்தைப் பண்ணி வச்சிருக்கான் இவன்?"

மூத்தவரிடம் நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. அன்று பேசினேன். "அத்தான், இது நீங்க இப்ப ஊத்துன தண்ணி. நீங்க போன பிறகு முத வாரம் ஒரே ஒரு தடவைதான் இந்தத் தண்ணி இதுமேல பட்டுச்சு. அதையும் அவுகதான் துடைச்சு எடுத்தாக. அதுக்கப்புறம் ஒரு சொட்டுப் பட விடல." கறிப் பையோடு என் கணவர் வாசலில் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன்.

பையை என்னிடம் கொடுத்தார். காரை நிழலுக்குத் தள்ளினார். புறங்கையால் தொட்டுப் பார்த்துக் காத்திருந்தார். குழம்புக்கு ஊறவைத்திருந்த புளியை நான் கரைத்து வடிகட்டிக் கொடுத்தேன். துணியில் தொட்டுத் தொட்டு, அழுத்தாமல், அவர் ஒவ்வொரு புள்ளியாக எடுக்க, அண்ணன் ஈர வேட்டியோடு பார்த்துக்கொண்டே நின்றார். கறுப்பு திரும்பி வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மூத்தவர் ஏ.சி. தண்ணீர்க் கேனைத் தாமே தூக்கினார். "எங்கன ஊத்தணும்லே?"

"மேல இருந்துண்ணே. மெதுவா."

"இம்புட்டுப் போதுமா?"

"போதும்."

அவர் ஊற்ற, இவர் துடைத்தார். பாதிக் கூரை முடிந்திருக்கும். மூத்தவர் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏலே, அந்தச் சைக்கிளு... நான் குடுக்கும்போதே அதுக்குப் பிரேக்கு கிடையாதுலே. தெரிஞ்சா என்னைய அப்பா அடிப்பாகன்னு சொல்லாம விட்டுட்டேன்."

என் கணவரின் கை நின்றது. முழங்கை கூரையின் மேல் இருந்தது, உடைந்து கூடிய அதே முழங்கை. பிறகு துணியைப் பிழிந்து உதறினார்.

"ஊத்துங்கண்ணே," என்றார், "காயுது."