அக்காவோடு செஞ்சிக்குப் போன காணும் பொங்கல்

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும் என் வணக்கம். குடும்பத்தில் படித்தவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது இவன் எதற்கு எழுதுகிறான் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். நானும் வாத்தியாரும் மூன்றாம் வகுப்பிலேயே ஒருவரை ஒருவர் தாங்க முடியாமல் பிரிந்துவிட்டோம். இப்போதும் பஸ் போர்டை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. நான் சொல்லச் சொல்ல அக்கா மகள்தான் எழுதுகிறாள். எல்லாவற்றையும் மரியாதைத் தமிழில் எழுதிக்கொள், பேசியவர்களின் பேச்சை மட்டும் பேசியபடியே விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா பிறந்தது திருமுல்லைவாயிலில். அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. பிறகு அது மனைகளாகிவிட்டது. அக்கா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தபோது அப்பா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார். பின்னால் பிறந்த நான் அந்தப் பெருமையைச் சமன் செய்துவிட்டேன். அக்காவை ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மாமாவுக்குக் கட்டிக் கொடுத்தோம். மாமாவுக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். குவார்ட்டர்ஸில் குடித்தனம். ஒரே மகள், இதை எழுதுகிறவள்.

அவள் சின்னவளாக இருந்தபோதே மாமா போய்விட்டார். பங்குனி மாதம். ஷிஃப்ட் முடிந்து வந்தவர் தண்ணீர் கேட்டார், அது வருவதற்குள் சாய்ந்துவிட்டார்.

அக்கா படித்திருந்ததால் வாரிசு வேலை அவருக்கே என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். அது கைக்கு வருவதற்குத் தை மாதம் ஆகிவிட்டது. பொங்கல் லீவு முடிந்த மறுநாள் காலை சேர வேண்டும். சேராவிட்டால் வேலையும் போகும், குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும்.

அந்தப் பொங்கலுக்குச் சாத்தூரிலிருந்து மாமாவின் அண்ணன் வந்திருந்தார். அக்காவைப் போலவே நானும் அவரைப் பெரிய மாமா என்றுதான் கூப்பிடுவேன். கெட்ட மனிதர் இல்லை. தம்பி குடும்பத்தைத் தன்னோடு ஊருக்கு அழைத்துப் போக வந்திருந்தார். ஆம்பளை இல்லாத வீட்டில் ஒரு பெண் தனியாக இருந்துகொண்டு அத்தனை ஆண்களுக்கு நடுவில் வேலைக்குப் போவதா என்பது அவர் கவலை. எங்கள் அப்பாவும் அவர் பக்கம்தான் தலையை ஆட்டினார். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டில் டிரங்குப் பெட்டி ஒன்று பாதி நிறைந்து, மூடாமல் கிடந்தது. அந்த மீதிப் பாதி நிறையுமா நிறையாதா என்று எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தீட்டு வருஷம் என்பதால் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். காணும் பொங்கலன்று குவார்ட்டர்ஸ் லைனில் இருந்தவர்கள் எல்லாம் கடற்கரைக்குக் கிளம்ப, மகள் மட்டும் வாசலில் உட்கார்ந்து அழுதாள். லீவுக்கு அதுதான் கடைசி நாள். அவர்கள் வீட்டுக் காலண்டரில் செஞ்சிக் கோட்டைப் படம் இருந்தது. அடுத்த லீவுக்கு அங்கே போகலாம் என்று மாமா அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

அப்போது நான் பாடியில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்கும் மெட்டடார் வேன் ஓட்டினேன். கம்பெனிக்கு லீவு. வேன் என்னைப் போலவே சும்மா நின்றது. போகலாம் என்றேன். பெரிய மாமா தடுத்தார். வருஷம் திரும்பும் முன் கோயில் படி மிதிக்கக் கூடாது, சாமி இருக்கிற மலையும் ஏறக் கூடாது என்றார்.

"அது கோட்ட மாமா. சாமி கீமி ஒண்ணும் கெடயாது. எல்லாம் இடிஞ்சு போய்க் கீது. நான் போய்க்கீறேன்" என்று சத்தியமே செய்தேன்.

போயிருந்தது உண்மை. ஒரு கல்யாணக் கோஷ்டியை இறக்கிவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை வேனுக்குள் தூங்கினேன். அதைச் சொல்லவில்லை.

பூந்தமல்லி, தாம்பரம், திண்டிவனம் என்று போய்ச் சேர்ந்தோம். அடிவாரத்தில் பெரிய கோயில் ஒன்று இடிந்து கிடந்தது. பெரிய மாமா வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே சாமி இருக்கிறதா பார்த்து வா என்று என்னை அனுப்பினார். ஒரு தெய்வம் வீட்டில் இருக்கிறதா இல்லையா என்று விசாரித்து வர என்னை நம்பி அனுப்பியவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். கருவறையில் வௌவால்தான் இருந்தது. வந்து சொன்னேன். பிறகுதான் எல்லோரும் உள்ளே போனோம்.

சாமி எங்கே போனது என்று மகள் கேட்டாள். பெரிய மாமா அவள் தலையைத் தடவினார்.

"ராசா போயிட்டாருல்ல தாயி. ராசா போனா சாமியும் போயிரும், சனமும் போயிரும். தனியா கெடந்து என்ன செய்ய?"

மகளிடம்தான் சொன்னார், ஆனால் அது அக்காவுக்கு. அக்கா காலியாக இருந்த பீடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மலைப் படிக்கு நடந்தார்.

பாதி மலை ஏறியிருப்போம். வேப்பிலை வாசனை வந்தது. திரும்பினால் பாறை ஓரத்தில் சின்னதாக ஓர் அம்மன் கோயில். விளக்கு எரிகிறது, மணி தொங்குகிறது, குங்குமம் அப்போது வைத்த ஈரத்தோடு இருக்கிறது. பாதை அதன் வாசலை ஒட்டித்தான் மேலே போகிறது. சுற்றிப் போகலாம் என்றால் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம்.

பெரிய மாமா என்னைப் பார்த்தார். "சாமியே இல்லன்னீரே மாப்ளே?"

"போன தடவ இல்ல மாமா. நடுவுல வந்துகீது" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மாமா போனதிலிருந்து என் எந்தப் பேச்சுக்கும் அக்கா சிரித்தது கிடையாது. பெரிய மாமா மெதுவாகத்தான் பேசினார்.

"எறங்கிருவோம் தாயி. தெரியாம வந்தது தப்பில்ல. தெரிஞ்சு தாண்டுனா சாமிக்கும் ஆகாது, போனவனுக்கும் ஆகாது."

நான் இறங்கத் திரும்பிவிட்டேன். அக்கா மட்டும் நகரவில்லை. மகளுக்குத் தண்ணீர் கொடுத்தார், தானும் குடித்தார், பாட்டிலை மூடினார்.

"நம்ம ஊட்லேர்ந்து பேக்டரி கேட்டுக்குப் போற வழில ஒரு புள்ளையார் கோயில் கீதே, பாத்துக்கீறீங்களா மாமா?"

"பாத்திருக்கேன்."

"நாளைக்குக் காலைல நான் அத்தத் தாண்டித்தான் போவணும். வேற வழி கெடயாது. உள்ள போவ மாட்டேன், கும்புட மாட்டேன். மூஞ்ச அந்தாண்ட திருப்பிகினு போய்க்கினே இருப்பேன். கோயிலுதான் அவுருது. வழி நமக்கும்தானே மாமா?"

நாளைக்கு என்ற வார்த்தையை அக்கா அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார். கேட்டது கோயிலைப் பற்றி மட்டும் இல்லை என்பது எனக்கே புரிந்தது என்றால் மற்றவர்களுக்குப் புரிந்திருக்காதா? பெரிய மாமா துண்டை உதறி ஒரு கல்லில் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு முட்டி வலிக்கி. நீ புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டு வா" என்றார்.

அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பள்ளத்துப் பக்கம் திருப்பியபடி கோயிலைத் தாண்டினார். பின்னால் நானும் அப்படியே போனேன்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை இரண்டாகப் பிளந்திருக்கும். நடுவில் ஒரு பாலம். அக்காவும் மகளும் தெருவில் நடப்பதுபோல் நடந்து போய்விட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு நாலு காலில் போனேன். அந்தப் பக்கம் போய் எழுந்தால் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். இன்னொரு முறை வேண்டுமானாலும் தவழ்ந்து காட்டியிருப்பேன்.

மேலே இடிந்த மண்டபத்து நிழலில் புளிச்சோறு சாப்பிட்டோம். கீழே பாதிக் கோட்டை மண்ணோடு கிடந்தது, பாதி நின்றது. ராஜா போய்விட்டால் எல்லோரும் கிளம்பிவிட வேண்டுமா என்று மகள் கேட்டாள். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"நாம கெளம்பல."

மறுநாள் காலை, சாப்பாட்டு டப்பாவை அக்கா கையில் எடுப்பதற்கு முன்னால் பெரிய மாமா எடுத்துக்கொண்டார். கேட் வரைக்கும் வருகிறேன் என்றார். எங்கே பிள்ளையாரைப் பார்த்தாலும் நின்று தலையில் குட்டிக்கொள்ளாமல் நகராத மனிதர் அவர். கோயில் வந்ததும் அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். பெரிய மாமாவும் திருப்பினார். டப்பாவைப் பிடித்தபடி இருவரும் ஒன்றாகத் தாண்டினார்கள். பின்னால் போன நானும் திருப்பினேன், எதிரே வந்த சைக்கிள்காரர் மேல் மோதினேன். அவர் என்னைச் சொன்னதை எழுத மாட்டேன் என்கிறாள் மகள்.

அன்றிலிருந்து கடைசி வரை அக்கா அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனார். வருஷம் திரும்பிய பிறகு நின்று கும்பிட்டுவிட்டுப் போவார். அந்தச் சம்பளத்தில் மகளைக் கல்லூரிக்கு அனுப்பினார், திருநின்றவூரில் ஏரிப் பக்கம் மனை வாங்கி வீடும் கட்டினார். கிரகப்பிரவேசத்தில் பெரிய மாமாதான் முதலில் உள்ளே காலடி வைத்தார். குடித்தனம் மாறுவதற்குள் அக்கா படுத்துவிட்டார். ஈரலில் கோளாறு என்றார்கள். ஆஸ்பத்திரியிலும் என்னைப் பார்த்தால், "இன்னாடா, இங்கியும் தவந்துகினுதான் வந்தியா?" என்று கேட்பார்.

அங்கே மாற்றி மாற்றிக் கூட இருந்த குவார்ட்டர்ஸ் பெண்களுக்கும், ரத்தம் கொடுத்த தொழிற்சாலைத் தோழர்களுக்கும், தள்ளாத வயதில் சாத்தூரிலிருந்து ரயிலேறி வந்து இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சோறு ருசியாக இல்லை என்றால் என்னைத் திட்டுங்கள், சமையலுக்கு ஆள் பிடித்தது நான்தான்.

இந்த ஒரு வருஷமாக, ஆள் ஏற்றப் போகும் வழியில், அந்தப் பிள்ளையார் கோயிலை நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தாண்டினேன். வேன் ஓட்டுகிறவன் முகத்தைத் திருப்பினால் உள்ளே இருப்பவர்கள் சாமியை எவ்வளவு சத்தமாகக் கூப்பிடுவார்கள் என்று பிள்ளையாருக்கே தெரியும். இன்றோடு வருஷம் முடிகிறது, இனி நின்று கும்பிடலாம் என்கிறார்கள். கும்பிடத்தான் போகிறேன். ஆனால் நாளைக் காலை ஒருநாள் மட்டும் பழக்கத்தில் முகம் அந்தப் பக்கம் போனாலும் போகும். அந்தப் பக்கத்தில்தான் அக்கா நடந்து போவார்.