அத்தாயியும் காணாமல் போன மண்ணும்

கரடியூரில் யாரைக் கேட்டாலும் அத்தாயிக்கு வாய் நீளம் என்பார்கள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் கடையையே இரண்டாக்கிவிடுவாள். பஸ் நிற்காமல் போனால் மறுநாள் நடுரோட்டில் நின்று மறிப்பாள். அவள் புருஷன் குழந்தைவேல் டிப்பர் லாரி ஓட்டுகிறவன். கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரன் அடித்து மலையையே எழுப்புகிற அந்த மனுஷன், வீட்டுக்குள் வந்தால் இருமக்கூட யோசிப்பான். ஆனால் அவளைத் திருடி என்று சொல்ல மட்டும் எவருக்கும் வாய் வந்ததில்லை. மிளகு காய்கிற களத்தில் அவளைத் தனியாக விட்டுவிட்டு எஸ்டேட்காரர்கள் நிம்மதியாகச் சாப்பிடப் போவார்கள். அந்தப் பேர் ஒன்றுதான் அவளுடைய சொத்து. சேகர் கை வைத்தது அதில்தான்.

சேகருக்குச் சேலத்தில் பாத்திரக்கடை. ஊருக்குக் கீழே மலைமடிப்பில் இருந்த சேத்துப்பள்ளத்தை அவர் வாங்கினார். கோரையும் புல்லும் மண்டி, வருஷம் முழுக்கத் தண்ணீர் கசிந்துகொண்டே கிடக்கிற இடம். கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். எருமைகூட ஓரத்தோடு மேய்ந்துவிட்டுத் திரும்பிவிடும். மலைக்காரர்கள் யாரும் அதில் ஏர் பூட்ட நினைத்ததில்லை. இவருக்குத்தான் மூளை பொங்கி வழிந்தது. ஜேசிபியைக் கொண்டுவந்து நட்டநடுவில் ஆளுயரத்துக்கு வடிகால் வெட்டினார். தண்ணீரெல்லாம் ஓடையில் இறங்கி ஓடிப்போனது. அடியில் கன்னங்கரேலென்று மண். முதல் இரண்டு வெள்ளாமையில் முட்டைக்கோசு ஒவ்வொன்றும் குடத்தளவு வந்தது. காவலுக்கும் களையெடுப்புக்கும் அத்தாயியை வைத்தார்.

சில வருஷம் போயிற்று. கோசு சிறுத்தது. கோசு கிடக்கட்டும், காட்டேஜ் கட்டி வாடகைக்கு விடலாம் என்று இந்தப் பங்குனியில் ஓர் இன்ஜினியரோடு வந்து இறங்கினார் சேகர். தோட்டத்து மோட்டார் கொட்டாயைப் பார்த்ததும் சேகர் நின்றுவிட்டார். தரையோடு தரையாகக் கட்டிய அதன் படி இப்போது அந்தரத்தில் தொங்கியது. ஓரத்துச் சில்வர் ஓக் மரங்கள் வேர்களை ஊன்றிக்கொண்டு எழுந்து நிற்பதுபோல் இருந்தன. நிலம் முழங்கால் அளவுக்குக் கீழே போயிருந்தது.

"ஏன் அத்தாயி, இங்க இருந்த மண்ணு எங்க?"

"எங்கீங்க போகும்? இங்கதான் கெடக்குது."

"டவுன்ல நர்சரிக்காரங்க பூந்தொட்டிக்கு இந்தக் கரிமண்ணுக்குத்தான் பறக்கறாங்க. உன் ஊட்டுக்காரன் டிப்பர் ஓட்டறான். நான் என்ன கேணையனா?"

அத்தாயிக்கு உச்சந்தலை வரை ஏறியது. களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "மண்ணு வித்துத் திங்கற குடும்பமாங்க நாங்க? நாக்கு அழுகிருமுங்க!" என்று கத்தினாள்.

"அப்படின்னா சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணு."

பண்ணமாட்டாளா? மோட்டார் கொட்டாயில் சாமி படத்தின் முன்னால் இருந்த சூடத்தை எடுத்து வந்தாள். பொன்னாயி தட்டு கொண்டுவர ஓடினாள். பொன்னாயியும் அத்தாயியும் கூட்டாளிகள், வேலைக்குப் போவதும் வருவதும் ஒன்றாகத்தான். "தட்டு எதுக்கு? எந்த மண்ணத் திருடுனன்னு சொல்றாரோ அந்த மண்ணு மேலயே ஏத்தறன்!" என்று வெறுந்தரையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாள். "நானோ என் புருசனோ ஒரு கூடை மண்ணு எடுத்திருந்தா எங்க குடும்பம் வெளங்காமப் போகட்டும்!" என்று உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தாள். கை கொப்பளித்தது. அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. சேகர் காரில் ஏறிப் போனார்.

அதோடு முடிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் மறுநாள் காலையில் அந்த இடத்தில் புகைந்தது. கிளறிப் பார்த்தால் மண் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்தது. அத்தாயி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு பக்கம் அணைந்தால் இன்னொரு பக்கம் புகை வந்தது. இரண்டு நாளில் கோசுப் பாத்தி ஒன்று அப்படியே உள்ளே சரிந்தது.

ஊர் முடிவு கட்டிவிட்டது. சத்தியம் பண்ணி அணைத்த சூடம் அணையவில்லையென்றால் என்ன அர்த்தம்? பொய்ச் சத்தியம். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் நகர்ந்தன. பொன்னாயிகூட நகர்த்தினாள். டிப்பர் முதலாளி குழந்தைவேலைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு வண்டி எடுக்க வேண்டாம் என்று சாவியை வாங்கிக்கொண்டார். குழந்தைவேல் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். கேட்க வேண்டாமென்று பார்த்து, கடைசியில் கேட்டேவிட்டான்: "ஏன் புள்ள, எனக்குத் தெரியாம ஏதாச்சும்..."

அன்றைக்குத்தான் அத்தாயி அழுதாள். ஆத்திரத்தில் வருகிற அழுகை வேறு, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாது.

அந்த வாரம் ஐஸ்வர்யா வந்தாள். பக்கத்து ஊரான வாழவந்திப் பெண், விவசாயம் படித்தவள். மலையிலுள்ள சதுப்பு நிலங்களின் மண்ணை எடுத்துச் சோதிக்கிற வேலையில் இருந்தாள். புகையைப் பார்த்ததுமே வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிவிட்டாள். நடந்ததைக் கேட்டவள் ஒரு பிடி கரிமண்ணை எடுத்து உதிர்த்துக் காட்டினாள்.

"அக்கா, இது கல்லு கரைஞ்சு வந்த மண்ணு இல்லீங்க. செத்த புல்லும் கோரையும் தண்ணிக்குள்ள மக்காமப் படிஞ்சு படிஞ்சு சேந்தது. தண்ணி நிக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. வடிச்சு உட்டா காத்து உள்ள போயிரும். அப்புறம் மக்கி மக்கிக் கரியமில வாயுவாக் கெளம்பிப் போயிரும். நெருப்பே வேண்டாம். உங்க சூடம் அத வேகப்படுத்திருச்சு, அவ்வளவுதான்."

"அப்ப மண்ணு?"

"பாதி அமுங்கிருச்சு, பாதி ஆகாசத்துல போயிருச்சுக்கா. நாடு பூராவும் இப்படி வடிச்ச நெலத்துல இருந்து எவ்வளவு வாயு போகுதுன்னு கணக்குப் போடறாங்க. நம்ம மலையில இத்துனூண்டு இருக்கறது யாரு கண்ணுலயும் படல. அந்த மர வேரைப் பாருங்க. மம்பட்டி பட்டிருந்தா வேர் அறுந்திருக்குமில்லீங்க? ஒண்ணுகூட அறுபடல."

"கண்ணு, இத அந்த ஆளு காதுல சொல்லு" என்றாள் அத்தாயி.

சேகர் வந்தபோது ஐஸ்வர்யா எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். வடிகாலை அடைத்துத் தண்ணீரை நிறுத்தினால்தான் நெருப்பும் அணையும், மிச்ச மண்ணும் தங்கும் என்றும் சொன்னாள். அவர் வேர்களைப் பார்த்தார், தொங்குகிற படியைப் பார்த்தார். பிறகு வெகு சாதாரணமாக, "சரி விடு அத்தாயி. காத்துல போச்சுன்னா யார் மேலயும் தப்பில்ல. வேலையப் பாரு" என்றார்.

யார் மேலும் தப்பில்லையாம்! அத்தாயி அவர் முன்னால் போய் நின்றாள்.

"இந்த வடிகால் காவா வெட்டுனது யாருங்க, காத்தா? சரி, அது கெடக்குது. திருடின்னு எல்லாருக்கும் முன்னாலதான சொன்னீங்க? குழாயடிக்கு வந்து, அத்தாயி எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லீட்டுப் போங்க."

"உங்க ஊர்க்காரங்க முன்னாடி எல்லாம் நான் வந்து நிக்கணுமா? நல்லா இருக்குதே! அப்புறம், காவாயில எவனும் கை வெக்கக் கூடாது. இருக்கற கோசும் அழுகிரும், காட்டேஜும் கட்ட முடியாது."

அவர் தோட்டத்து மேட்டுக்குப் போய் இன்ஜினியரோடு போனில் பேச ஆரம்பித்தார். அத்தாயி கொட்டாயிலிருந்து மம்பட்டியை எடுத்தாள். வடிகால் ஓடையில் இறங்குகிற குறுகலான வாயில் போய் நின்றாள். கல்லை உருட்டித் தள்ளினாள். கரையை வெட்டி வெட்டி உள்ளே இழுத்துப் போட்டாள். கொப்பளம் உடைந்து மம்பட்டிப் பிடி ஈரமானது. குழந்தைவேல் எங்கிருந்தோ ஓடிவந்து ஒன்றும் கேட்காமல் பெரிய கல்லாகப் பார்த்துத் தூக்கி வந்தான். களையெடுத்த பெண்கள் கூடிவிட்டார்கள். முன்னால் பொன்னாயி நின்றாள்.

"என்னடி, வேடிக்க பாக்க வந்தியா? குடத்த நகத்துன கைதான? போ அந்தப் பக்கம்!" என்றாள் அத்தாயி. பொன்னாயி போகவில்லை. பக்கத்திலிருந்த கல்லில் கை வைத்தாள். அத்தாயி அவளைப் பார்க்கவே இல்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

சேகர் மேட்டிலிருந்து விழுந்தடித்து ஓடிவருவதற்குள் வடிகால் வாய் அடைபட்டு, கலங்கல் தண்ணீர் பின்னால் தேங்கத் தொடங்கியிருந்தது. "என் நெலத்துல என்ன பண்ற நீ? போலீசுக்குப் போவேன், பாத்துக்க!"

அத்தாயி நிமிர்ந்தாள். முழங்கை வரை கரிமண். அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"போங்க. போய்ச் சொல்லுங்க. இத்தன வருசத்துல உங்க மண்ண அத்தாயி எடுத்தது இன்னைக்குத்தான். எங்க கொண்டு போயி வித்தாளுன்னு கேட்டா, உங்க காவாயிலயே கெடக்குதுன்னு சொல்லுங்க!"