எதிர்மனுதாரர் தைத்த திண்டு

கல்யாணமான வருஷமே நான் மிராசுதாரர் ஆனேன். அதுவரை வயலில் கால் வைத்ததில்லை. என் அப்பா குன்னூரில் எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்தவர். நாற்றுக்கும் புல்லுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு நிலம்தான் என்று சர்க்கார் உச்சவரம்பைக் குறைத்தபோது, கீழ்வேளூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பெண்கள்மேல் திடீரென்று மரியாதை பெருகிவிட்டது. மகள், மருமகள், நாத்தனார் என்று ஆளுக்கொரு துண்டு நிலம் வந்து சேர்ந்தது. மாமனார் என்னை ரிஜிஸ்திரார் ஆபீஸுக்கு அழைத்துப்போய்க் கையெழுத்து வாங்கினார். திரும்பும் வழியில் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

நிலத்தோடு ஒரு வழக்கும் சேர்ந்து வந்திருப்பது பிறகுதான் தெரிந்தது. அங்கே சாகுபடி செய்துவந்த ஓர் அம்மாளை வெளியேற்ற வேண்டுமாம். புருஷன் இறந்த பிறகும் தானே நின்று நடவும் அறுப்பும் பார்த்தவர். அவர் குத்தகைக்காரரே இல்லை, கூலிக்கு வந்தவர்தான் என்பது எங்கள் கட்சி. எங்கள் கட்சி என்றால் மாமனாரும் வக்கீலும். மனுதாரர் மட்டும் நான்.

தஞ்சாவூர் கோர்ட்டுக்கு முதன்முதலாகப் போனபோது எனக்கு ஆறு மாதம். கூப்பிடும்வரை வராந்தா பெஞ்சில் காத்திருக்க வேண்டும். அதன் நடுப்பலகை பிளந்திருந்தது. மாமனாரும் வக்கீலும் டீ குடிக்கப் போனார்கள். பஸ்ஸில் வந்து இறங்கிய, ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, சுருக்குப்பையைப் பிரித்து வெற்றிலை போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் என் வயிற்றையே பார்த்தார்.

"எத்தன மாசம்?"

"ஆறுங்க."

"இந்த நெலமையில யாரு மேலம்மா கேசு?"

நான் எதிர்மனுதாரரின் பெயரைச் சொன்னேன். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"அப்ப நீங்கதானா என் மிராசுதாரு?"

அவர் சிரித்த சிரிப்பில் கோர்ட் டவாலி திரும்பிப் பார்த்தார். "ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

அடுத்த வாய்தாவுக்கு அவர் ஒரு திண்டோடு வந்தார். பழைய சேலையை மடித்து உறை தைத்து, வைக்கோலை நன்றாக மிதித்து மெத்தென்று ஆக்கி உள்ளே அடைத்திருந்தார். மூலைக்கு மூலை சிவப்பு நூலில் ஒரு பூ. "அந்தப் பெஞ்சு ஒங்களுக்கு ஒத்துக்காது. இதப் போட்டு ஒக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். இடுப்புவலி அடங்கியது. புகுந்த வீட்டில் எனக்குப் பட்டும் நகையும் நிலமும் போட்டிருந்தார்கள். என் இடுப்பைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

வக்கீல் பார்த்துவிட்டார். "இந்த வைக்கோல் எங்கேருந்து வந்துச்சு?"

"நம்ம வயல்துதாங்க" என்றார் அந்த அம்மாள், பெருமையாக.

வக்கீலின் முகம் வெளுத்தது. மாமனாரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனார். ஆனாலும் எனக்குக் கேட்டது. "வெளச்சல்ல பங்கு வாங்கிக்கிட்டா குத்தகைய ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் சார். மனுதாரர் அதுமேலயே உக்காந்திருக்காங்க!"

மாமனார் வேகமாக வந்தார். "எந்திரிம்மா. அதத் திருப்பிக் கொடுத்துடு."

"குத்தகைன்னா நெல்லா அளந்திருப்பேங்க ஐயா. இது புள்ளத்தாச்சிக்குக் கொடுத்தது. இதக்கூடவா கோர்ட்டுல கேப்பாங்க?"

"கேப்பாங்க" என்றார் வக்கீல்.

நான் எழுந்துகொண்டேன். என் நிலத்திலிருந்து என் கைக்கு வந்த ஒரே மகசூல், அதுவும் திரும்பிப் போனது.

அதற்கடுத்த தடவை மாமனார் மெட்ராஸிலிருந்து ஒரு ரப்பர் காற்றுத் தலையணையை வரவழைத்திருந்தார். பெருந்தன்மைதான். நான் உட்கார்ந்ததும் அது நீளமாக ஒரு சத்தம் போட்டது. வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் பையிலிருந்து திண்டை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். மாமனார் இந்தத் தடவை வெளியே மரத்தில் ஏதோ பறவையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பிரசவத்துக்குக் குன்னூர் போனேன். பதிலுக்கு என் கையால் எதையாவது செய்து கொடுக்க வேண்டும் என்று இருந்தது. கான்வென்டில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான். ஸ்வெட்டர் பின்னினேன். மலைக்குளிரில் உட்கார்ந்து பின்னியவளுக்குக் கீழ்வேளூர் வெயில் ஞாபகத்துக்கே வரவில்லை. மாம்பழ நிறம். ஒரு கை கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. பெண் குழந்தையோடு ஊர் திரும்பியதும் அதே வராந்தாவில் வைத்துக் கொடுத்தேன். அவர் விரித்துப் பார்த்தார்.

"இது எதுக்குங்க?"

"குளிருக்கு."

"ஓ, குளுருக்கு" என்று மரியாதையாகத் தலையாட்டினார்.

தீர்ப்பு சித்திரையில் வந்தது. ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. அவர் சேலைக்கு மேலே ஸ்வெட்டரைப் போட்டு, கழுத்துப் பொத்தான்வரை மாட்டிக்கொண்டு, வியர்வை ஒழுக வந்து நின்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"கழட்டிடுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"இருக்கட்டும்மா. இன்னிக்கி நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்குப் பாத்யதை இல்லன்னு சொல்லப் போறாங்க. அதுக்கப்புறம் போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

என் மனு தள்ளுபடியானது. குத்தகை செல்லும் என்றார்கள். வக்கீல் அப்பீல் பற்றிப் பேசியபடி மாமனாரின் பின்னால் காருக்கு ஓடினார். நான் தோற்றவள், அவசரமில்லாமல் நின்றேன். அந்த அம்மாள் கை நீட்டி என் மகளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கம்பளி உறுத்தியதோ என்னவோ, குழந்தை வீறிட்டாள். அவர் அவளை என்னிடம் கொடுத்துவிட்டு, "இரு கண்ணு, வந்துட்டேன்" என்று ஒவ்வொரு பொத்தானாகக் கழற்ற ஆரம்பித்தார்.