பல்லால் பிரிக்காதீர்கள்

"அக்கா, இந்தப் புக்கு வாங்கலாமா?" என்று வாரத்துக்கு நாலு பேராவது என்னைக் கேட்கிறார்கள். பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று செருகி வீடு, கப்பல், கோட்டை என்று கட்டும் உத்திகளைச் சொல்லித் தரும் புத்தகம் அது. பழைய விளையாட்டுச் சாமான்களை வாங்கிக் கழுவி விற்கும் கடை எங்களுடையது. கல்லாவுக்குப் பக்கத்தில் அதன் ஒரு பிரதி கிடக்கும். முதுகு பிளந்து, ஒரு மூலை நசுங்கி, அட்டையில் துடைத்தும் போகாத கறையோடு. கேட்பவர்களிடம் நான் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுவேன்: முதல் நூறு பக்கம் கையும் கண்ணும் இருக்கிற எவனுக்கும் தானாகவே தெரியும். சுவர் எழுப்புகிற பகுதி நல்லது. ஏழாம் அத்தியாயம் ரொம்ப நல்லது. வாங்கினால் கெட்டி அட்டை போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். ஏன் என்று கேட்டால் என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் கடையின் பின்னறைதான் அவளுடைய ராஜ்ஜியம். முப்பத்தாறு வயதாகிறது, நான் இன்னும் பொடிசு என்றுதான் கூப்பிடுகிறேன். மூட்டை மூட்டையாக வரும் கட்டைகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, வலைப்பையில் குலுக்கி, துணி விரித்துக் காயவைத்து, நிறம் வாரியாக, அளவு வாரியாகப் பிரிப்பாள். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. கண்ணை மூடிக்கொண்டு கட்டையின் மேலுள்ள குமிழ்களைத் தொட்டாலே இது எட்டுப் புள்ளி, இது ஆறு என்று சொல்வாள். பல் பட்ட கட்டைகளுக்கென்று தனி டப்பா ஒன்று வைத்திருந்தாள். இரண்டு தட்டைக் கட்டைகள் ஒட்டிக்கொண்டால் பிள்ளைகள் பல்லால் கடித்துத்தான் இழுக்கும். பெரியவர்களும் அப்படித்தான். "இதுங்க எல்லாம் மனுஷ ஜாதியா, எலி ஜாதியா?" என்று திட்டிக்கொண்டே அந்த டப்பாவில் போடுவாள்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். யாருடைய வீட்டு லிஃப்ட் நின்றாலும் ஓடுவான். என்னைப் பார்த்தால் எழுந்து நின்றுதான் பேசுவான். அந்த மரியாதையைப் பார்த்து நான் உச்சி குளிர்ந்து போனேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பொடிசு உதடு வீங்கி வந்தாள். முன்பல் பாதியாக உடைந்திருந்தது.

"ரெண்டு தட்டக் கட்ட ஒட்டிக்கிச்சுக்கா. பல்லால கடிச்சு இழுத்தேன்."

"அறிவிருக்காடி உனக்கு? ஊர்ல இருக்கறவன எல்லாம் எலிங்கற, நீ என்ன பெருச்சாளியா?" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சிரித்துவிட்டார். இந்த மாதத்தில் அவள் மூன்றாவது ஆளாம். இதற்கென்றே ஒரு புத்தகத்தில் அத்தியாயம் இருக்கிறது, வாங்கிக் கொடுங்கள் என்றார். நானும் மெனக்கெட்டு வாங்கினேன். ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பு, 'பல்லால் பிரிக்காதீர்கள்'. முதல் பக்கத்தில், 'இனிமேலாவது பல்லைக் காப்பாற்றிக்கொள், அக்கா' என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

அவள் புருஷன் அதை வாங்கிப் புரட்டிவிட்டு, "நல்லா சொல்லுங்கக்கா. நான் சொன்னா எங்க கேக்கறா?" என்றான். அவர்கள் அடுக்குமாடியில் எல்லோரிடமும் அவனே இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தானாம்.

பொடிசு அந்தப் புத்தகத்தை உண்மையாகவே படித்தாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அதில் மூழ்கிவிடுவாள். வீட்டில் அவள் கட்டி வைத்திருந்த மூன்று மாடி வீட்டைப் பிரித்து, இணைப்புகள் ஒரே கோட்டில் வராதபடி திரும்பக் கட்டினாள். சிரிக்கும்போது மட்டும் கையால் வாயை மூடிக்கொண்டாள். உடைந்த பல்லுக்கு வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மதியம் கடையைச் சாத்திவிட்டு நானே போனேன். கதவைத் திறந்தவள் வாயில் துண்டை அழுத்திக்கொண்டு நின்றாள். துண்டு சிவப்பாக இருந்தது. தாடை ஒரு பக்கம் கோணியிருந்தது. கழுத்தில் நாலு விரல் தடம்.

"பல்லால..." என்று ஆரம்பித்தவள் அங்கேயே நிறுத்திவிட்டாள். மேஜைமேல் புத்தகம் கிடந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீ புக்கு வாங்கிக் குடுத்துட்டியேக்கா. இனிமே நான் என்னன்னு சொல்றது?"

அலமாரியில் அவள் சொந்தக் கட்டைகள் டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்தேன், இன்னொன்றை எடுத்தேன், கையில் அகப்பட்டதை எல்லாம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பல் தடம் இல்லை. பன்னிரண்டு வருஷம் பல் தடத்தோடு வாழ்ந்தவள் பல்லால் கடிப்பாளா? இந்த மண்டைக்கு அது அன்றைக்கே உறைக்கவில்லை. ஊர் கேட்க அவளைத்தான் திட்டினேன்.

"துணிய எடுத்து வைடி. கிளம்பு," என்றேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவன் சாப்பிட வந்தான். இரும்பு முனை வைத்த வேலை பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே நுழைந்தான்.

"வாங்கக்கா. மறுபடியும் கடிச்சு வெச்சிட்டாளா?"

"தம்பி, இந்த வீட்டுல ஒரே ஒரு கட்டையில பல்லுத் தடம் காட்டு, நான் போயிடறேன். இல்லன்னா இவளக் கூட்டிட்டுத்தான் போவேன்."

அவன் முகத்திலிருந்து மரியாதை கழன்று விழுந்தது. கதவுத் தாழ்ப்பாளைப் போட்டான். பொடிசின் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, தலையைச் சுவரில் மோதினான். ஒரு தடவை. சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "அக்காகிட்ட சொல்வியா? சொல்வியாடி?" இன்னொரு தடவை. நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் நெஞ்சில் குத்தினான், மூச்சு நின்று மேஜைமேல் விழுந்தேன். பிறகு அந்த மூன்று மாடி வீட்டை இரண்டு கையாலும் தூக்கி அவள்மேல் எறிந்தான். அவள் குனிந்தாள். சுவரில் மோதி விழுந்த வீடு விரிசல்கூட விடவில்லை. புத்தகத்தில் சொன்ன மாதிரிதான் கட்டியிருந்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் வெறி ஏறியது. திரும்பத் தூக்கி, தலைக்குமேல் ஓங்கித் தரையில் அடித்தான். அறை முழுவதும் கட்டைகள் சிதறின.

முஷ்டியை மடக்கிக்கொண்டு அவளை நோக்கி ஓர் அடி வைத்தான். வெறுங்கால். முனை நீட்டிக் கிடந்த கட்டைகள்மேல் முழு எடையும் இறங்கியது. ஊளையிட்டுக்கொண்டு முழங்காலில் விழுந்தான், முழங்காலுக்கு அடியிலும் கட்டைதான். என் கைக்கு எட்டியது புத்தகம். இரண்டு கையாலும் தூக்கி அவன் வாயிலேயே போட்டேன். ரத்தம் அட்டையில் தெறித்தது. மறுபடியும் போட்டேன். மூன்றாவது அடி அவசியமா என்று என்னைக் கேட்காதீர்கள். மனசார அடித்தேன், இன்றுவரை ஒரு துளி வருத்தம் இல்லை.

பொடிசு தரையில் தவழ்ந்து, நூறு வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

"இது கட்ட இல்லக்கா," என்றாள். அவனுடைய முன்பல்.

எதிர்வீட்டு அம்மா போலீசைக் கூப்பிட்டிருந்தார். ஸ்டேஷனில் பெண் இன்ஸ்பெக்டர் அவரையும் சேர்த்து எங்கள் நால்வரையும் உட்கார வைத்தார். அவன் வாயில் துண்டோடு என்னைக் கைகாட்டி, "இவதான் என் பல்ல உடச்சா, இவள உள்ள போடுங்க," என்று காற்றுப் போகப் போகப் பேசினான். அவன் சொன்னது உண்மை. கொலைகாரி மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போவதைவிட, நான் போய்விட்டால் இவளை யார் பார்ப்பார்கள் என்பதுதான் என் கவலை.

இன்ஸ்பெக்டர் பொடிசைக் கேட்டார். அவள் சொன்னாள். கல்யாணமான ஒன்பது வருஷத்தையும் கட்டை பிரிக்கிற மாதிரியே பிரித்துச் சொன்னாள். எந்த மாதம், எந்த அறை, கையால், ஸ்பேனரால், பூட்ஸ் காலால். எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் இரண்டு தடவை பேனாவை நிறுத்திவிட்டாள்.

"சரிம்மா. இவர் பல்லு எப்படிப் போச்சு? உங்கக்கா அடிச்சாங்களா?"

பொடிசு வாயிலிருந்து துண்டை எடுத்து மடியில் வைத்தாள். கையால் மூடிக்கொள்ளவில்லை.

"இல்ல மேடம். ரெண்டு தட்டக் கட்ட ஒட்டிக்கிச்சு. பல்லால கடிச்சு இழுத்தாரு."

அவன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். "பொய்! பல்லால இழுத்தா பல்லு போகுமா? எவனாவது நம்புவானா?"

எதிர்வீட்டு அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் போகாது? இவ பல்லு போனப்ப நீங்கதானப்பா மாடி மாடியா ஏறிச் சொன்னீங்க? நாங்க எல்லாரும் நம்பினோமே."

அவன் துண்டால் வாயை மூடிக்கொண்டான். அவன் பல் போன கதையையும் பொடிசு சொன்னபடியே எழுதிக்கொள்ளச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.