விதோயேயின் இடது பக்கம்

க்ரூஷெவாத்ஸ் நகரத்துக்கும் எங்கள் ஊருக்கும் இடையே ஓடிய பேருந்தை இருபத்தேழு வருடம் ஓட்டியவர் விதோயே. கடைசி ஆறு வருடம் நான் அவருக்கு நடத்துநர். 'விதோவ்தான்' என்ற திருநாளன்று பிறந்ததால் அவருக்கு அந்தப் பெயர். பழைய கொசோவோ போரில் மாண்டவர்களுக்கு நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றும் நாள் அது. எங்கள் பேச்சில் 'வித்' என்றால் பார்வை. அதனால் கண்ணுக்கு உரிய நாளும் அதுதான்.

எண்பத்தாறாம் வருடம் மார்ச்சில், சாலையோரம் நின்ற பால்வண்டியை இடது பக்கம் உரசினார். மறுநாள் என்னை மட்டும் அழைத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போனார்.

"நரம்பு செத்துக்கிட்டு வருது. போன பார்வை வராது. சொட்டு மருந்து விட்டா மிச்சத்தக் கொஞ்ச நாள் காப்பாத்தலாம். வண்டிய விட்டுடுங்க" என்றார் மருத்துவர்.

வெளியே வந்ததும் விதோயே என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "ராடென்கோ, ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒரு வருஷம்தான்டா. வீட்டுல ஒன் அண்ணி ஸாகொர்காவுக்குக்கூடத் தெரியக் கூடாது. இடது பக்கத்த நீ பாத்துச் சொல்லு. வலது பக்கத்த நான் பாத்துக்கறேன்."

நானும் ஒத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் பக்கத்தில் நின்றபடியே சீட்டுக் கிழித்தேன். "அண்ணே, டிராக்டர்." "அண்ணே, மாடு." எங்களுக்குள் ஏதோ விளையாட்டு என்று பயணிகள் நினைத்தார்கள்.

"ஏம்ப்பா, அவரு பொண்டாட்டிகூட இவ்வளவு ஒட்டி நிக்க மாட்டாளே!" என்று சந்தைக்குப் போகும் பெண்கள் கேலி செய்வார்கள். விதோயேதான் முதலில் சிரிப்பார்.

ஜூன் வந்தது. விதோவ்தானுக்கு முந்தின நாள் வயலோரம் நீலப் பூ வைக்கும் விதோவ் செடியைப் பறித்து, சட்டித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைப்போம். விடிந்ததும் வீட்டில் எல்லோரும் அதில் கண்ணைக் கழுவுவோம். சடங்குக்கு ஒரு கை அள்ளினால் போதும். அன்று விடியலில் பேருந்துச் சாவி வாங்கப் போனபோது, விதோயே முற்றத்தில் முழந்தாளிட்டு சட்டிக்குள் முகத்தை அமிழ்த்தியிருந்தார். மூச்சு முட்டும்போது நிமிர்வார். மறுபடி அமிழ்த்துவார். அந்நாள் வழக்கப்படி பெட்டித் துணிகளை வெளியே காயப்போட வந்த ஸாகொர்கா நின்று பார்த்தாள்.

"என்ன மனுஷா, சட்டியவே குடிச்சுடுவ போலிருக்கு! பிள்ளைங்களுக்கு மிச்சம் வை" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். முகமெல்லாம் நீலப் பூ ஒட்டியிருந்தது. இடது பக்கம் நின்ற என்னை அவர் பார்க்கவே இல்லை. "விதோவே, என் பேரே ஒன் பேருதான். எனக்கில்லன்னா வேற யாருக்குக் குடுக்கப் போற?" என்று அந்தத் திருநாளிடமே வேண்டுவதுபோல முணுமுணுத்தார். நான் சத்தம் காட்டாமல் வாசலுக்குப் போய், அப்போதுதான் வந்தவன் போலக் கூப்பிட்டேன்.

நகரத்துத் தேவாலயத்தில் மாண்டவர்களுக்கான பூசை. படையலுக்கான அவித்த கோதுமைக் கிண்ணங்களோடு கூட்டம் ஏறியது. கால் வைக்க இடமில்லை. பாட்டுக் கூடாத நாள் என்பதால் பேச்சும் அடங்கியிருந்தது. பின்பக்கம் சீட்டு வாங்காதவர்கள் நிறைய. "போய் வா, இன்னிக்கு எனக்குத் தெளிவாத் தெரியுது" என்றார் விதோயே. நம்பினேன். நம்பத்தான் ஆசைப்பட்டேன். நெரிசலில் நீந்திப் பின்னால் போனேன்.

பாலத்தைத் தாண்டியதும் ஒரு அலறல். வண்டி குலுங்கி நின்றது. இடது ஓரத்திலிருந்து சாலையைக் கடக்க வந்த பெருனிகா என்ற விதவை பள்ளத்தில் கிடந்தாள். உயிர் இருந்தது. வலது கை முழங்கைக்குக் கீழே வேறு திசையில் திரும்பியிருந்தது. சாலையெங்கும் அவள் கிண்ணத்துக் கோதுமை.

"குடிச்சிருக்கியாடா?" என்று யாரோ விதோயேயின் கழுத்தைப் பிடித்தார்கள்.

"குடிக்கல. கண்ணு தெரியல" என்றார் அவர். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வேலை அன்றே போனது. விசாரணையில் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றார். ஸாகொர்கா அவரோடு பல நாள் பேசவில்லை. பேசியபோது, "டாக்டர்கிட்டப் போய்ச் சொன்ன, எனக்குச் சொல்லலியே" என்றது மட்டும்தான்.

ஆகஸ்டில், கட்டுப்போட்ட கையோடு பெருனிகா அவர் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். ஸாகொர்கா காப்பி வைத்தாள். பெருனிகா அதைத் தொடவில்லை.

"எப்பத்திலேருந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"மார்ச்சிலேருந்து, அம்மா."

"மார்ச்சிலேருந்து தெனம் ஏத்திக்கிட்டுப் போயிருக்க. என் பேத்தி அதுலதான பள்ளிக்கூடம் போனா." அவள் குரல் உயரவில்லை. "வேற யாருக்குத் தெரியும்?"

நான் அந்தக் காப்பிக் கோப்பையைப் பார்த்தேன். விதோயே என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாருக்கும் தெரியாது" என்றார். "நான் மட்டும்தான்."

மன்னிப்புக் கேட்க அவர் வாய் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். சரியாகத் தாழிடாத கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போனாள். அவள் பின்னால் ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாசல் வரைக்கும் போனேன். அவள் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். அப்புறம் உள்ளே வந்து, ஆறிப்போன அந்தக் காப்பியை எடுத்துக் குடித்தேன்.